உறையின் பின்பக்கம்

நான் என் வாழ்நாளில் ஒரேயொரு தேர்தலைத்தான் நடத்தியிருக்கிறேன். அது முடிந்தபோது ஏழு கதிரைகள் உடைந்திருந்தன. கணிதப் பேராசிரியர் ஒருவரின் மூக்குக்கண்ணாடி இரண்டு துண்டாகியிருந்தது. என் சட்டையில் இருந்த ரத்தத்தில் எது என்னுடையது, எது மற்றவர்களுடையது என்று எனக்கே தெரியவில்லை. நாட்டுக்கு ஜனாதிபதியைத் தெரிவு செய்த தேர்தல் என்று நினைத்துவிடாதீர்கள். மொன்றியலில் எங்கள் ஊர்ச் சங்கத்துக்குத் தலைவரைத் தெரிவு செய்த தேர்தல். ஆனால் அன்று எங்கள் ஆட்களின் முகங்களைப் பார்த்திருந்தால், வென்றவர் கைக்கு ஒரு படையும் தோற்றவர் கழுத்துக்கு ஒரு கயிறும் தயாராக இருப்பதாகத்தான் நினைத்திருப்பீர்கள்.

இரண்டாயிரமாம் ஆண்டு பிறந்து சில வருடங்கள் ஆகியிருந்தன. அதற்கு முந்திய தேர்தலை மண்டபத்தில் வைத்தே நடத்தியிருந்தார்கள். ஒருவர் தன் கட்டடத்தில் குடியிருந்த அத்தனை பேருக்காகவும் தானே வாக்குப் போட்டார். கேட்டவருக்குப் பல் போனது. பல் போனவருடைய தம்பி, போட்டவருடைய காதைக் கடித்தான். ஆகவே இம்முறை தபால் வாக்கு என்று தீர்மானித்தார்கள். அவரவர் தன் குசினி மேசையில் இருந்து புள்ளடி போட்டுத் தபாலில் சேர்க்கட்டும், தபால் வழியாக ஒருவனை ஒருவன் அடிக்க முடியாதுதானே என்று எல்லோரும் நம்பினார்கள். தேர்தல் அதிகாரியாக என்னைப் பிடித்தார்கள். காரணம் என் நேர்மை அல்ல. இரண்டு பகுதியாரோடும் நான் சமமாகச் சண்டை பிடித்திருந்தேன்.

எனக்குப் பதவி கிடைத்ததும் தலைக்கனம் ஏறிவிட்டது. விதிகளை நானே எழுதினேன். வாக்குச்சீட்டைச் சின்ன உறையில் வைத்து ஒட்டவேண்டும். அதில் ஒன்றும் எழுதக்கூடாது. அதைப் பெரிய உறைக்குள் வைத்து, முன்பக்கம் பெயரும் உறுப்பினர் இலக்கமும் எழுதி, பின்பக்கம் ஒட்டிய இடத்துக்குக் குறுக்கே கையெழுத்து வைக்கவேண்டும். எண்ணும் நாளில் ஒவ்வொரு பெரிய உறையையும் இரண்டு வேட்பாளர்களுக்கும் முன்னால் தூக்கிப் பிடித்து, முன்பக்கத்திலும் பின்பக்கத்திலும் என்ன இருக்கிறதோ அவ்வளவையும் சத்தமாக வாசிக்கவேண்டும். "அவ்வளவையும்" என்ற சொல்லை அடிக்கோடிட்டேன். கள்ள உறை ஒன்றுகூட உள்ளே வரக்கூடாது என்பது என் வீறாப்பு.

வேட்பாளர்கள் இருவர். ஒருவர் ஏற்கெனவே மூன்று முறை தலைவராக இருந்தவர். மற்றவர் ஜோன்-தலோன் தெருவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். கடைக்காரரைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. நிறையச் சிரிப்பார், நிறை குறைத்துக் கொடுப்பார். தலைவர் வேறு மாதிரியான ஆள். எங்களுக்குள் பிரெஞ்சு ஒழுங்காகப் பேசத் தெரிந்தவர் அவர்தான். அகதி வழக்குக்குப் போகிறவனோடு கூடப்போவார். யாராவது ஆஸ்பத்திரியில் இறந்தால் குடும்பத்துக்கு முன்னால் அவர் அங்கே நிற்பார். குரலை உயர்த்த மாட்டார். மனைவியை அடிப்பார்.

கடைசியில் சொன்னது எல்லோருக்கும் தெரியும். மற்றவர்களைவிட எனக்கு நன்றாகத் தெரியும், ஏனென்றால் பார்க் எக்ஸ்டென்ஷனில் இரண்டு வருடம் அவர்கள் வீட்டுக்குக் கீழ்வீட்டில் குடியிருந்தேன். முதலில் ஒரு கதிரை இழுபடும். பிறகு அவருடைய குரல், பாடம் சொல்லிக்கொடுப்பவரைப்போல ஆறுதலாக, நிதானமாக. பிறகு ஏதோ ஒன்று சுவரில் மோதும். எங்கள் கூரையில் இருந்து சுண்ணாம்பு உதிரும். அவளுடைய சத்தம் மட்டும் ஒருநாளும் கேட்டதில்லை. என் மனைவி, "மேல போய் ஒருக்காக் கேளுங்கோவன்" என்பாள். பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கும்போது முந்தியவனோடு கைகலக்கிற நான், "புருசன் பெண்சாதிக்குள்ள நாங்கள் ஏன் மூக்கை நுழைப்பான்" என்று சொல்லித் தொலைக்காட்சியின் சத்தத்தைக் கூட்டுவேன். அடுத்த நாள் காலையில் அவர் எனக்காக வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு, என் வதிவிடப் பத்திரம் எந்த மட்டில் நிற்கிறது என்று விசாரிப்பார். நானும் நன்றி சொல்வேன். இதை எழுதும்போது எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கிறது.

மண்டபத்தில் ஒருவனுக்கு மூக்கில் ரத்தம் வந்தால் பத்துப் பேர் பாய்ந்து விலக்குவார்கள். பிறகு பத்து வருடம் அதைப் பற்றிக் கதைப்பார்கள். அவளுக்கு ஒரு காது கேளாமல் போனதைப் பற்றி ஒருவரும் கதைக்கவில்லை.

தேர்தலுக்கு முந்திய இலையுதிர் காலத்தில் அவள் போய்விட்டாள். பக்கத்து வீட்டு ஹெயிட்டிக்காரப் பெண்தான், தாடை வீங்கிக் கிடந்தவளை டாக்சியில் ஏற்றிக்கொண்டு போனவள். மனைவி ரொறன்ரோவில் தமக்கையிடம் போயிருக்கிறாள் என்று தலைவர் சொன்னார். ஆனால் வேலை முடிந்த பின்னேரங்களில் காரில் நகரம் முழுக்கத் தேடித் திரிந்தார். செயின்ட்-மிஷேலில் இருந்த ஒருவர் அவளுக்கு உதவியிருப்பார் என்று சந்தேகப்பட்டு, அவரைக் காரில் இருந்து பாதி வெளியே இழுத்து, கார்க் கதவை அவர் முழங்காலில் நான்கு தரம் அடித்து மூடினார். அந்த மனிதருக்கு ஒன்றுமே தெரியாது. இன்றைக்கும் அவர் நொண்டித்தான் நடக்கிறார்.

ஜனவரியில் அவள் எனக்குத் தொலைபேசி எடுத்தாள். ஜோன்-தலோன் மெட்ரோவில் சந்திக்கலாமோ என்று கேட்டாள். யாருடையதோ பெரிய மேல்கோட்டுக்குள் நின்றாள். நான் பேசப் பேச வலது காதை என் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"எனக்கொரு வாக்குச்சீட்டுத் தாங்கோ அண்ணை. வீட்டுக்கு அனுப்பினது என்ர கையிலை வராது."

அவளும் உறுப்பினர். மறுக்க எனக்கு உரிமை இல்லை. மறுக்கும் எண்ணமும் இல்லை. தலைவருக்கு எதிராக அவருடைய மனைவியே புள்ளடி போடப்போகிறாள் என்றால் அதைவிட எனக்கு வேறு என்ன வேண்டும்? சீட்டையும் இரண்டு உறைகளையும் கொடுத்தேன்.

"பேரும் இலக்கமும் எழுதிக் கையெழுத்து வையும். ஆனா பிள்ளை, உம்மட பேரைச் சபையிலை சத்தமா வாசிப்பம்."

"வாசியுங்கோ. அவர் கேக்கட்டும்."

எனக்குப் புல்லரித்துப் போனது. இவளிடம் இவ்வளவு துணிவு இருந்ததா என்று வியந்தேன்.

"இருக்கிற இடத்தை உங்களுக்கும் சொல்லமாட்டன் அண்ணை, குறை நினையாதேங்கோ. அவருக்குத் தெரிஞ்சால் இந்தமுறை உயிரோடை விடமாட்டார்."

"சொல்லவேண்டாம்" என்றேன். நான் மெட்ரோ ஏறிப் போகும்வரை அவள் மேடையிலேயே நின்றாள். எந்தத் திசையில் போவாள் என்பதைக்கூட எனக்குக் காட்டவில்லை.

எண்ணிய நாள் பெப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வில்லரேயில் ஒரு தேவாலயத்தின் நிலக்கீழ் மண்டபத்தைப் பூசை முடிந்தபின் எங்களுக்குத் தந்தார்கள். ஈரக் கம்பளி மணமும் தேநீர் மணமுமாக இருந்தது. உறைகளை வாசிக்க, இரண்டு பகுதிக்கும் சம்பந்தம் இல்லாத ஒருவர் வேண்டும் என்று தமிழ்நாட்டுப் பேராசிரியர் ஒருவரை அழைத்திருந்தேன். மொன்றியலுக்கு வந்து முப்பது வருடம் ஆனவர். ஓய்வுபெற்றவர். கோட்டும் டையும் கட்டி வந்திருந்தார். எங்கள் சங்கத்தில் யார் யாருக்கு மனைவி என்பதுகூட அவருக்குத் தெரியாது.

பெரிய உறைகளை அவர் வாசிக்கத் தொடங்கினார். பத்து உறை போவதற்குள் நான் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். ஏறக்குறைய எல்லோரும் பின்பக்கத்தில் தங்கள் முழு விலாசத்தையும் எழுதியிருந்தார்கள். நான் அதைக் கேட்கவே இல்லை. ஆனால் எங்கள் ஆட்களுக்கு அனுப்புநர் விலாசம் இல்லாமல் ஒரு கடிதத்தை ஒட்டக் கை வராது. ஊரில் யுத்த காலத்தில் விலாசம் இல்லாத கடிதம் என்றால் சோதனைச் சாவடியில் கிழிபடும். கொண்டுபோனவன் உதை வாங்குவான். மாதக் கணக்கில் அலையும் கடிதம் திரும்பி வருவதற்காவது ஒரு வீடு எழுதியிருக்கவேண்டும். அந்தப் பழக்கம் கையில் ஊறிப்போய், பத்து நிமிட நடையில் இருந்த இந்தத் தேவாலயத்து விலாசத்துக்கு அனுப்பிய உறையிலும் வீட்டு இலக்கம், தெரு, அடுக்குமாடி இலக்கம், தபால் குறியீடு, கடைசியில் "கனடா" என்றுகூட எழுதியிருந்தார்கள். பேராசிரியரும் விதிப்படி ஒரு எழுத்து விடாமல் வாசித்தார்.

முதலில் எனக்குச் சிரிப்பாக இருந்தது. பிறகுதான் அவள் ஞாபகம் வந்தது. மெட்ரோ மேடையில் நான் அவளுக்குச் சொன்னது பெயர், இலக்கம், கையெழுத்து. விலாசம் எழுதாதே என்று சொல்லவில்லை. மீதி உறைகளை அடுக்கிவைப்பவனைப்போல ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். அவளுடையது அங்கே இல்லை. அனுப்பாமல் விட்டிருக்கிறாள், நல்லது என்று மூச்சு விட்டேன். துணிவுள்ளவள் என்று மெச்சிய நானே இப்போது அவள் பயந்திருக்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன்.

சின்ன உறைகளைக் கலந்து, உடைத்து, எண்ணத் தொடங்கினோம். ஒரு சீட்டின் உச்சியில் பிள்ளையார் சுழி இருந்தது. வேறு எந்த அடையாளமும் இருக்கக்கூடாது என்பது விதி. கடைக்காரரின் மச்சான் எழும்பி, "பிள்ளையாரைச் செல்லாதெண்டு சொல்ல உனக்கு என்னடா தகுதி?" என்று என் கொலரைப் பிடித்தான். இரண்டு சீட்டுக் கழித்து ஒன்றில் உச்சியில் சின்னச் சிலுவை. இப்போது தலைவரின் ஆட்கள் எழும்பினார்கள். "கொஞ்சம் அமைதியா இருங்க சார். ரெண்டுமே செல்லாது. ரூல்னா ரூல்தான்" என்றார் பேராசிரியர். தேநீர்க் கோப்பை ஒன்று அவர் தலைக்கு மேலால் பறந்து சுவரில் உடைந்தது. அவர் குனிந்து தன் பென்சிலைத் தேடினார்.

கடைசிச் சீட்டும் எண்ணி முடிந்தபோது தொண்ணூற்று நான்குக்குத் தொண்ணூற்று நான்கு. திரும்ப எண்ணு என்று ஒரு பக்கமும், எண்ணினால் கையை முறிப்பேன் என்று மறுபக்கமும் கத்தினார்கள். ஒருவன் கதிரையைத் தலைக்கு மேல் தூக்கிவிட்டு, யாரை அடிப்பது என்று தெரியாமல் அப்படியே நின்றான்.

அந்த நேரம் பார்த்து, தேவாலயத்தைப் பராமரிக்கும் கியூபெக் கிழவர் படியிறங்கி வந்தார். "பொன்ஜூர்" என்று சொல்லிப் பேராசிரியர் கையில் மூன்று உறைகளைத் தந்தார். தேவாலயத்துக் கடிதங்களோடு கலந்து கிடந்தனவாம். தபால் முத்திரை தவணைக்கு உட்பட்டது. செல்லும், செல்லாது என்று கால் மணித்தியாலம் தள்ளுமுள்ளு நடந்தது. அதில் ஒருவருக்கு உதடு கிழிந்தது. செல்லும் என்று பேராசிரியர் தீர்த்தார். மூன்றையும் கலந்து எண்ணுவோம் என்று அவர் சொன்னதை ஒருவரும் கேட்கவில்லை. ஒவ்வொன்றாக உடை என்று கூச்சல் போட்டார்கள்.

முதலாவது தலைவருக்கு. இரண்டாவது கடைக்காரருக்கு. மூன்றாவதைப் பேராசிரியர் கையில் எடுத்தபோது, மேசைக்கு இந்தப் பக்கம் நின்ற எனக்கு அதன் பின்பக்கம் தெரிந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் கையெழுத்துப்போல வடிவாக, நான்கு வரி. நோத்ர-டாம்-த-கிரேஸில் ஒரு தெரு. கீழே தபால் குறியீடு. அதற்கும் கீழே "கனடா".

பேராசிரியர் முன்பக்கத்தை வாசித்தார். அவளுடைய பெயரும் அதோடு சேர்ந்திருந்த தலைவரின் பெயரும் மண்டபத்தில் விழுந்தன. தலைவர் முன்வரிசையில் இருந்து மெதுவாக எழுந்தார். அவர் முகத்தில் கோபம் இல்லை. தொலைந்த சாமான் கிடைத்தவனின் முகம்.

"பின்பக்கத்தையும் வாசியுங்கோ புரொபசர். விதி அதுதானே" என்றார்.

"ஆமா சார், இதோ" என்று பேராசிரியர் உறையைத் திருப்பிக் கண்ணாடியைச் சரிசெய்தார். வீட்டு இலக்கத்தை வாசித்தும்விட்டார்.

நான் மேசையைத் தூக்கி அவர்மேல் கவிழ்த்தேன்.

வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. நிறுத்துங்கள் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள், கேட்டுக்கொண்டே யாராவது ஒருவர் உறையைப் பிடுங்கி வாசிப்பார். சண்டைக்காரன் என்ற பெயர் எனக்கு ஏற்கெனவே இருந்தது. அதைப் பாவித்தேன். பாவம் அந்த மனிதர், பெட்டியோடும் சீட்டுகளோடும் நிலத்தில் கிடந்தார். அவர் விரல்களுக்குள் இருந்து உறையைப் பிடுங்கினேன். தலைவர் மேசைக்கு மேலால் பாய்ந்து என் தொண்டையைப் பிடித்தார். அந்தக் கைகளின் பலம் எனக்கு அன்றுதான் தெரிந்தது. இரண்டு வருடம் என் கூரையில் கேட்ட சத்தம் இந்தக் கைகளுடையது என்ற நினைப்பு வந்ததும் எனக்கு வெறி பிடித்துவிட்டது. வாக்குப்பெட்டியின் தகர மூடியால் அவர் முகத்தில் அடித்தேன். புருவம் பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. இன்னொரு தரம் அடித்தேன். இரண்டாவது அடிக்குத் தேவை இருக்கவில்லை. அது எனக்காக அடித்த அடி.

அதற்குப் பிறகு எல்லோரும் என்னைத்தான் அடித்தார்கள். தலைவரின் வாக்கை நான் திருடிவிட்டேன் என்று அவருடைய ஆட்கள் அடித்தார்கள். கடைக்காரரின் வாக்கை நான் திருடிவிட்டேன் என்று அவருடைய ஆட்கள் அடித்தார்கள். ஒருவரை ஒருவர் கொல்ல நின்றவர்கள் என் முதுகில் ஒற்றுமையானார்கள். நான் நிலத்தில் சுருண்டு, உறையைப் பனிச்சப்பாத்துக்குள் கால்வரைக்கும் திணித்தேன். யாரோ என் விலாவில் கதிரைக் காலால் குத்தினார்கள். பொலிஸ் வந்து, யார் தொடங்கியது என்று பிரெஞ்சில் கேட்டபோது, படுத்த நிலையிலேயே கையை உயர்த்தி "முவா", நான்தான், என்றேன். எவரும் முறைப்பாடு கொடுக்கவில்லை. வீட்டு விஷயம் வெளியே போகக்கூடாதாம். மூன்றாவது உறை சண்டையில் கிழிந்து போய்விட்டது என்று பேராசிரியரிடம் சொன்னேன். உடைந்த கண்ணாடியைக் கையில் வைத்துக்கொண்டு, "நீங்க படிச்சவர் மாதிரி இருந்தீங்க" என்றார்.

அடுத்த ஞாயிறு திருவுளச்சீட்டுப் போட்டார்கள். கடைக்காரர் வென்றார். தலைவர் புருவத்தில் தையலோடு வந்து, கைகொடுத்து, சங்கத்தின் சாவிகளையும் முத்திரையையும் ஒப்படைத்துவிட்டுப் போனார். அவரைச் சுற்றி எப்போதும் நிற்கும் ஆட்கள் புதியவரைச் சுற்றி நின்றார்கள். எனக்கு மனதுக்குள் குதூகலமாக இருந்தது. அவருக்கு வேண்டியதுதான் என்று மனைவியிடம் சொன்னேன்.

நான்காம் நாள், நான் வேலை செய்த உணவகத்தின் பின்சந்தில் குப்பை கொட்டப் போனபோது அவர் அங்கே நின்றார். கையில் பனி அள்ளும் இரும்புச் சவள். மதிய நேரம், வெயில்கூட இருந்தது. முதல் அடி தோளில் விழுந்தது. நான் குப்பைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு சரிந்தேன். அவர் என் வலது கையைத் தொட்டியின் விளிம்பில் வைத்து முழங்காலால் அமத்தினார்.

"அவள் எங்கை?" என்று கேட்டார். அதே ஆறுதலான குரல்.

நான் ஒரு தூஷணம் சொன்னேன். சவளின் விளிம்பு சின்ன விரலில் இறங்கியது. "அவள் எங்கை?" அடுத்த விரல். மூன்றாவது விரலுக்கு நான் கத்தினேனா அழுதேனா என்று தெரியாது. அவளுடைய தெருவின் பெயர் என் வாய்க்குள் வந்து நின்றது. பிறர் நினைப்பதுபோல நான் உறுதியானவன் அல்ல. நான்காவது விரலுக்கு வந்திருந்தால் சொல்லியிருப்பேன். ஆனால் அவர் சவளைத் தோளில் வைத்துக்கொண்டு, "காணும், இவ்வளவு போதும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

ஆஸ்பத்திரியில் படியில் வழுக்கி விழுந்ததாகச் சொன்னேன். அவளும் இத்தனை வருடம் இதையேதான் சொல்லிவந்திருப்பாள் என்று மாவுக்கட்டுப் போடும்போது நினைத்தேன்.

அடுத்த நாள் காலையில் வலியும் கோபமுமாக எழும்பினேன். எந்த வாக்குக்காக என் விரல்கள் முறிந்தனவோ அந்த வாக்கைப் பார்த்தே ஆகவேண்டும் என்று தோன்றியது. நான் எழுதிய விதியை நானே மீறினேன். ஒளித்து வைத்திருந்த உறையை எடுத்து, இடது கையாலும் பல்லாலும் கிழித்து, சீட்டை விரித்தேன். புள்ளடி தெளிவாக, அழுத்தமாக, தலைவரின் பெயருக்கு எதிரே இருந்தது.

இவளுக்காகவா உதை வாங்கினேன்? இந்த வாக்கை எண்ணியிருந்தால் அவர் ஒரு வாக்கால் வென்றிருப்பார். கோட்டைப் போட்டுக்கொண்டு, மெட்ரோவும் பஸ்ஸும் மாறி, உறையில் இருந்த விலாசத்துக்குப் போனேன். நிலக்கீழ் வீடு. நான்கு படி இறங்கிக் கதவில் இடது கையால் குத்தினேன். சங்கிலி போட்ட இடுக்கால் பார்த்தவள், என் மாவுக்கட்டைக் கண்டதும் திறந்தாள்.

"அவரோ?" என்றாள்.

"வேற ஆர்?" சீட்டை அவள் முகத்துக்கு நேரே நீட்டினேன். "உமக்காக மூண்டு விரலைக் குடுத்திட்டு நிக்கிறன். நீர் அவருக்கே போட்டிருக்கிறீர்! உமக்கு வெக்கமில்லையே?"

அவள் சீட்டைப் பார்க்கவில்லை. வலது காதைத் திருப்பி, "ஆர் வெண்டது அண்ணை?" என்று கேட்டாள்.

"கடைக்காரர்."

அவள் அப்படியே நிலத்தில் இருந்துவிட்டாள்.

"அவர் வெல்லவேணுமெண்டுதான் போட்டனான்" என்றாள். "வெண்டால் அவருக்குச் சங்கம் இருக்கும், செத்த வீடு, வழக்கு, கூட்டம் எண்டு ஆக்கள் இருப்பினம். நான் அவருக்கு எதிரா இல்லையெண்டு என்ர பேரையும் கேட்டிருப்பார், ஆறியிருப்பார். தோத்தால் அவருக்கு நான் மட்டும்தானே அண்ணை மிச்சம்."

சீட்டைக் கையில் கொடுத்த அன்று, யாருக்குப் போடப்போகிறாய், ஏன் என்று நான் அவளை ஒரு வார்த்தை கேட்கவில்லை. எனக்கு வேண்டிய பதிலை நானே அவள் வாயில் வைத்துக்கொண்டேன். அவளை அடித்தவரை எனக்குத் தெரியும் என்று இருந்துவிட்டேன். அடி வாங்கியவளுக்கு அவரை இன்னும் நன்றாகத் தெரியும் என்பது எனக்கு உறைக்கவில்லை. அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது.

"விலாசத்தை ஏன் எழுதினீர் பிள்ளை?" என்று மட்டும் கேட்டேன்.

அவள் நான் ஏதோ விசித்திரமாகக் கேட்டதுபோலப் பார்த்தாள். "கடிதமெண்டால் எழுதிறதுதானே" என்றாள். பிறகு அவள் கண் என் மாவுக்கட்டுக்கு வந்தது. "மூண்டு விரலோடை அவரே விட்டவரோ?"

"ஓம்."

"தானாவோ?"

"ஓம்."

"இஞ்சை வரேக்கை பின்னாலை ஆரும் வந்தவையோ எண்டு பாத்தனீங்களோ அண்ணை?"

நான் பார்க்கவில்லை. வீட்டுக் கதவில் இருந்து இந்தக் கதவுவரை ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர் ஏன் காணும் என்று சொன்னார் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது. விலாசத்தை என் வாயால் வாங்கத் தேவையில்லை, கோபம் வந்தால் என் கால்களே அவரைக் கூட்டிப்போகும் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது.

என் பதிலுக்கு அவள் காத்திருக்கவில்லை. அடுப்பை அணைத்தாள், அந்தப் பெரிய கோட்டை மாட்டினாள், கட்டிலுக்கு அடியில் தயாராகக் கட்டி வைத்திருந்த பையை இழுத்தாள். பின்கதவால் வெளியேறும்போது, "கொஞ்ச நேரம் பிடியுங்கோ அண்ணை" என்றாள். அவ்வளவுதான். எந்தப் பக்கம் போனாள் என்று அன்றும் நான் பார்க்கவில்லை. இன்றுவரை எனக்குத் தெரியாது.

முன்கதவில் மெதுவாக மூன்று தரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு அவளுடைய பெயரை, செல்லப் பெயரை, ஆறுதலாகச் சொல்லும் குரல். நான் சங்கிலியைப் போட்டு, கதவில் முதுகைக் கொடுத்து, காலை எதிர்ச்சுவரில் ஊன்றி நிலத்தில் இருந்தேன். அவர் உதைக்கத் தொடங்கினார். ஒவ்வொரு உதையும் என் முதுகெலும்பில் இறங்கியது. நான் எண்ணினேன். பத்துக்கு அவள் பின்சந்தால் வெளியே வந்திருப்பாள். இருபதுக்குத் தெருமுனைக்குப் போயிருப்பாள். முப்பதுக்கு ஒரு பஸ் வந்திருக்கும், வந்திருக்கவேண்டும். முப்பத்தாறில் பிணைச்சல் கழன்று கதவு என்மேல் விழுந்தது. அவர் என்னை மிதித்துக்கொண்டு உள்ளே போய் ஒவ்வொரு அறையாகத் திறந்தார். வீட்டில் அவள் இல்லை.